சங்குக்கு முந்தி ஒரு செம்பு

வாய மட்டும் மூடிக்கிட்டு ஓடுங்க. அம்புட்டுத்தான் சொன்னா. ஷூ கயிற இறுக்கிக் கட்டுனீகளா, தலைக்கு ஒரு துண்டு வேணுமா, ஒரு கேள்வி கிடையாது. வாசல்ல கோலப்பொடி டப்பாவக் கையில வச்சுக்கிட்டு நின்ன என் பொஞ்சாதி சண்முகக்கனி, வாய மட்டும் மூடிக்கிட்டு ஓடுங்கன்னா. இந்தா மூடிட்டேன். மில்லு கேட்டுல கொடிய அசைச்சதுல இருந்து ரயில்வே கேட்டு வரைக்கும் ஒரு வார்த்த பேசல. மினி பஸ்ஸுல கண்டக்டரா ஏறுன நாளையில இருந்து இந்த ரோட்டுல நான் பேசாம வந்தது இன்னைக்குத்தான். மூக்கால இழுக்குறேன், மூக்கால விடுறேன், எங்க பஸ்ஸு பிரேக்கு மாதிரி புஸ்ஸு புஸ்ஸுங்குது. காலு ரெண்டும் சொன்ன பேச்சு கேக்குது. தொடை நல்லாருக்கு. முட்டி நல்லாருக்கு. நெஞ்சு, நெஞ்சும் நல்லாத்தான் இருக்கு, அத எதுக்குப் போயி நினைக்கிற, ஓடு. வெயிலுதான். பல்லு விளக்கும்போதே முதுகுல கைய வச்ச வெயிலு. விடிய விட வேண்டிய ஓட்டத்த, சிறப்பு விருந்தினரு வந்துதான் கொடி அசைக்கணும்னு எங்கள வரிசையில நிக்க வச்சுட்டாய்ங்க. அவரு வெள்ளக் காருல வந்து, வேட்டிய உதறிக் கட்டி, மைக்கப் பிடிச்சு, இளைஞர்கள் ஓட வேண்டும், ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்னு நின்ன இடத்துலயே நின்னு பேசி முடிக்கங்குள்ள சூரியன் பனமரத்து உச்சிக்கு ஏறிருச்சு. அந்தக் குரலு எனக்கு அப்பவே தொண்டையில வந்து உக்காந்துருச்சு. மூக்கடைச்ச குரலு, ஒவ்வொரு வார்த்தைக்கும் வாலு மாதிரி ஒரு ம்ம்ம். பக்கத்துல நின்ன ஆளுகிட்ட அவர மாதிரியே ஒரு தரம் எடுத்து விட்டுருக்கலாம். விடல. முழுங்கிட்டேன். முழுங்குனது இன்னும் கீழ இறங்கல, தொண்டையிலயே நின்னுக்கிட்டு எப்ப எப்பங்குது. இருடா, ஓட்டம் முடியுற பொட்டலுக்குப் போயி உன்னைய விடுறேன். விருந்தினரு எப்ப வேணும்னாலும் வரலாம், அவருக்குக் காத்திருக்க நாலு பேரு இருக்கான். மில்லு சங்கு யாருக்கும் காத்திருக்காது. எட்டரைன்னா எட்டரை.

சங்குதான் எல்லாம். எங்க ஊரு ஓட்டத்துல மொதலா வாறவனுக்குக் கப்பு உண்டு, அது வெளியூருல இருந்து வந்து, காலுல ஸ்பிரிங்கு வச்சவன் மாதிரி ஓடிட்டு, அடுத்த பஸ்ஸப் பிடிச்சுப் போற பயலுகளுக்கு. ஊருக்காரனுக்குக் கணக்கு வேற. மில்லுல எட்டரைச் சங்கு ஊதுறதுக்கு முந்தி பொட்டலுக்குள்ள வந்துட்டா ஆளுக்கு ஒரு எவர்சில்வர் செம்பு. வந்த கையோட மைக்குல பேரச் சொல்லுவாய்ங்க, பாத்திரக்கடை பஜாருல பேரு வெட்டுற சிக்கந்தர் பாய் மேடைக்குக் கீழ சம்மணம் போட்டு உக்காந்து, செம்ப மடியில வச்சு, அந்தப் பேர உளியால டிக்கு டிக்குன்னு வெட்டிக் கையில குடுப்பாரு. சங்குக்குப் பிந்தி வந்தா பேப்பர் கப்புல மோரு. அதுவும் தண்ணி மோரு. வருசா வருசம் மைக்கு எங்கிட்டத்தான் இருந்துச்சு. மோருக்கு வாற ஆளுகள ஒவ்வொருத்தரா அவுக குரல்லயே வரவேற்பேன், பொட்டலே உருண்டு புரளும். இந்த வருசம் நானே ஓடுறேன்னு சொன்னதும் ஓட்டத்த நடத்துற மன்றத்து செயலாளரு தவசி என்னையக் கீழ இருந்து மேல பாத்துட்டு, அண்ணே மோரு நெறைய கரைக்கணுமோன்னான். கரைடா தம்பி, கரைச்சு நீயே குடி. எனக்குச் செம்பு வேணும். வீட்டுல செம்பு இல்லாம இல்ல. இருக்கு. குடத்துல மாமனாரு பேரு. அண்டாவுல மாமனாரு பேரு. தண்ணி குடிக்கிற செம்புல வெ. சோலையப்பன்னு கொட்ட எழுத்துல மாமனாரு பேரு. குனிஞ்சு மொண்டா அதுக்குள்ள இருந்து மனுசன் பேசுவாரு, மெதுவாக் குடிங்க மாப்ளே, செம்ப நெளிச்சுராதீங்க. நான் சாப்பிடுற தட்டு சண்முகக்கனியோட சித்தி குடுத்தது, நடு மத்தியில அன்பளிப்பு இராசம்மாள். சோறு கொறையக் கொறைய இராசம்மா வெளிய வருவா. மொதல்ல ம்மாள் மட்டும் தெரியும், ரசம் ஊத்துற நேரத்துக்கு முழு இராசம்மாளும் வந்து உக்காந்து, இன்னங் கொஞ்சம் போட்டுக்கங்க மருமகனேம்பா. கரண்டியில கூட ஒருத்தன் பேரு இருக்கு, அவன் யாருன்னு அவளுக்கும் தெரியல எனக்கும் தெரியல. அந்த வீட்டுல எம்பேரு மட்டும் எதுலயும் இல்ல.

எம்பேரு மலைக்கொழுந்து. பாத்தியா, மனசுக்குள்ள சொல்லும்போதே யாரோ ஒருத்தனக் கூப்பிடுற மாதிரி இருக்கு. அது எங்க தாத்தா பேரு, வெனை அங்கதான். மாமனாரு பேர மருமக வாயால சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா சாகுற வரைக்கும் என்னைய ஐயான்னுதான் கூப்பிட்டுச்சு. கட்டிக்கிட்டவ புருசன் பேரச் சொல்லமாட்டா, என்னங்கன்னா நான், இந்தாங்கன்னா நான், ஒண்ணும் சொல்லாம கதவத் தட்டுனா அதுவும் நான். ஆம்பளைக பூராம் டேப்பு. யாரு பேசுனாலும் டேப் ரிக்கார்டரு மாதிரி திருப்பிப் போடுறான்னு எங்க பஸ்ஸு டிரைவரு வச்ச பேரு, ஏய் டேப்பு, டேப்பண்ணே, டேப்பு மாமா. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு பேரு வாசிச்சிருப்பாரு, அங்கிட்டு நான் அவ்வளவாப் போகல. அதனால வெள்ளிக்கிழம என்ன செஞ்சேன்னா, யாராச்சும் கேட்டாச் சிரிப்பாக, பஜாருக்குப் போயி சிக்கந்தர் பாய் முன்னாடி உக்காந்துட்டேன். மன்றத்துச் செம்பெல்லாம் அவருகிட்ட மூட்டையா இருந்துச்சு. பாய், எனக்கு மட்டும் இப்பவே வெட்டிருங்க, அன்னைக்குக் கூட்டத்துல அவசரத்துல எழுத்த விட்டுருவீக, பேரு நீளம்னேன். அவரு கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு, ஓடி முடிச்சுட்டு வாங்க மாப்ள, உளி எங்கயும் ஓடிராதுன்னாரு. ஏன் பாய், எங்காலு மேல நம்பிக்க இல்லையான்னேன். காலு மேல இருக்கு மாப்ள, வாயி மேலதான் இல்லன்னாரு. அப்பறம் நான் அவரு குரல்லயே அவருகிட்ட, வெட்டுங்க பாய் வெட்டுங்க, புள்ள ஆசப்படுதுன்னு சொன்னேன், சிரிச்சுக்கிட்டே வெட்டிட்டாரு. டிக்கு டிக்கு டிக்கு. ழு-வுக்கு மட்டும் நேரம் எடுத்துச்சு, அந்தச் சுழியில மூச்சப் பிடிச்சுக்கிட்டு வெட்டுனாரு, நானும் பிடிச்சுக்கிட்டேன். இப்ப அந்தச் செம்பு மேடையில மத்த செம்புகளோட உக்காந்துருக்கு. அதுகளெல்லாம் மொட்டையா இருக்கு, அது ஒண்ணுல மட்டும் நான் இருக்கேன். நான் இங்கிட்டு தாரு ரோட்டுல வேகுறேன், நான் அங்கிட்டு மேசையில பளபளன்னு காத்திருக்கேன். நம்மளயே நாம போயி எடுக்கணும். எடுத்துருவோம். ரயில்வே கேட்டு தாண்டியாச்சு, கேட் கீப்பரு டேப்பு என்ன ஊமையாயிட்டியாங்குறாரு, கையக் காட்டிட்டு வந்துட்டேன். பாத்தியா சண்முகக்கனி. பாய், பாத்தீகளா.

அடுத்த ஸ்டாப்பு தீப்பெட்டி ஆபீஸு. பஸ்ஸுன்னா இங்க இறக்கி ஏத்த நின்னே ஆகணும், காலு பழக்கத்துக்கு ஸ்லோ ஆகுது, கழுத, இன்னைக்கு நீ நான்-ஸ்டாப்பு. ஆபீஸு வாசல்ல பொம்பளைக தண்ணி ட்ரம்மு வச்சுக்கிட்டு நிக்குதுக. என் பஸ்ஸுல தெனமும் வாறதுகதான். டேப்பண்ணே, அந்தக் காருக்காரரு என்ன பேசுனாரு, ஒண்ணு எடுத்து விடுண்ணேங்குது முன்னாடி நிக்குற புள்ள. வேணாம். வாய மூடிக்கிட்டு. டேப்பு ரிப்பேருடீ, வெயில்ல நாடா உருகிருச்சுங்குது இன்னொண்ணு. சிரிக்குதுக. ரிப்பேரா. எனக்கா. தொண்டையில நின்னவரு வெளிய வந்துட்டாரு, நான் விடல, அவரா வந்தாரு. தாய்மார்களேம்ம், நீங்கள் நிழலில் நிற்க வேண்டும்ம், நின்றுகொண்டே இருக்க வேண்டும்ம், ஓடுவதற்குத்தான் இந்த மடையன் இருக்கிறானேம்ம். அவ்வளவுதான், ட்ரம்மே கவுந்துரும் போலச் சிரிச்சுச்சுக, ஒருத்தி ஒரு வாளித் தண்ணிய என் தலையில ஊத்துனா, காதுல கைதட்டு, முதுகுல குளுகுளுன்னு, ஆகா, இதுக்கு என்ன குறைச்சலு, ஒரு செம்பு என்ன ஒரு குடமே வாங்கலாம்னு நாலு எட்டு வச்சா விலாவுல பிடிச்சுருச்சு. வலப்பக்கம். ஊக்க மாட்டி இழுக்குற மாதிரி. பேசுன மூச்சு ஓடுற மூச்சுல இருந்து போயிருக்கு. பேசுறதுக்குன்னு தனியா ஒரு பை இருக்கும்னு இத்தன நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரே பைதான் போல. சரி, ஒண்ணுதான, போகட்டும். விலாவ அமுக்கிக்கிட்டே ஓடு. தண்ணி காஞ்சுருச்சு, ஊத்துன ஈரம் தெருமுனை வரைக்கும் தாங்கல. தாரு இளகி ஷூவப் பிடிச்சுப் பிடிச்சு விடுது, பச்சு பச்சுன்னு, ரோடு என்னைய முத்தம் குடுத்து நிறுத்தப் பாக்குது. கண்ணுக்குள்ள உப்பு. சங்கு ஊதுறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. இருக்கா. வாட்சு கட்டிட்டு வரல, கட்டுனா பாத்துக்கிட்டே இருப்பேன்னு. மில்லு சங்கு எனக்குத் தெரியும், ஊதுறதுக்கு முந்தி அது ஒரு மூச்சு எடுக்கும், கெழட்டு ஆளு எந்திரிக்கப் போறப்ப ஒரு ஹூங்குவான்ல, அது மாதிரி, காத்த உள்ள இழுக்குற சத்தம். ஊருல யாருக்கும் அது கேக்காது. எனக்குக் கேக்கும். அதையும் நான் செய்வேன், மேடையில அதுதான் என் பெரிய ஐட்டம், மொதல்ல அந்த ஹூம், அப்பறம் ஊன்னு ஏத்துனா பொம்பளைக டிபன் பாக்ஸத் தேடும். இப்ப அந்த ஹூம் காதுல வந்துக்கிட்டே இருக்கு. சங்கா, என் மூச்சான்னு தெரியல. மூச்சுத்தான். மூச்சாத்தான் இருக்கணும். பிந்திட்டா என்ன ஆகும். மோரு குடுப்பாய்ங்க. அது பரவால்ல, மோரு உடம்புக்கு நல்லது. தவசி செம்பத் தூக்கிக் காட்டி இது யாரு பேருன்னு கேப்பான். அதான். பொட்டல்ல அம்புட்டுச் சனம் இருக்கும், ஒருத்தனுக்கும் தெரியாது. அந்தப் பேருக்கு ஆளே வராது. நான் முன்னாடியே நிப்பேன், டேப்பு உனக்குத் தெரியுமாடாம்பாய்ங்க. ச்சீ, ஓடு.

கண்மாய்க்கரைப் பாலத்துச் செவத்துல யாரோ உக்காந்துருக்காக. சேலைக்கு மேல மில்லுச் சட்ட, காலுல ஆம்பள கேன்வாஸ் ஷூ. சீனியம்மாக்கா. நூல் மில்லுல வேல பாக்குறாக, வீட்டுக்காரருக்குப் பரோட்டாக் கடை, எங்க பஸ்ஸுல டிரைவரு முதுகுப்பக்கத்து சீட்டு அவுகளோடது, வேற யாரும் உக்காந்தா எந்திரிக்க வச்சுருவாக. போன வருசம் ஓடி மோரு குடிச்சாக, அதுக்கு முந்துன வருசமும் மோரு. அவுக குரல்ல நான் மோரக் குடிச்சுக் காட்டி கைதட்டு வாங்கிருக்கேன். தலையத் தொங்கப் போட்டு உக்காந்துருக்காக. என்னக்கா. முடியலடா டேப்பு, கண்ணு இருட்டுது, நீ போ, எனக்கு மோருதான் எழுதிருக்குங்குறாக. சரிக்கா. போறேன். தாண்டிட்டேன். வாய மூடிக்கிட்டு ஓடணும், இன்னும் சந்தப்பேட்ட, அத விட்டா பொட்டலு, ஒரே மூச்சு. தாண்டிட்டேன்ல. பின்ன எதுக்குத் திரும்புது இந்தத் தல. அக்கா ஷூவக் கழட்டப் போறாக. கழட்டிட்டா முடிஞ்சது. அந்நேரம் பாத்து அவுக மில்லு மேஸ்திரி குரலு எனக்கு வருது, வெத்தல ஒதுக்குன வாயி, நான் என்ன செய்ய. ஏய் சீனியம்மா, அங்க நூலு அத்துத் தொங்குது, நீ இங்க உக்காந்து காத்தா வாங்குற. சொன்னதுதான் தாமசம், அக்கா விருட்டுன்னு எந்திரிச்சு நின்னுட்டாக, கை ரெண்டும் அந்தரத்துல நூலத் தேடுது. அப்பறம்தான் என்னையப் பாத்தாக. அடேய் கரிமுடிஞ்ச பயலே, நில்லுடா, ஒன் வாயத் தைக்காம விடமாட்டேன்னு கெளம்புனாக பாருங்க. நான் முன்னாடி, அவுக பின்னாடி. வையுறதும் சிரிக்கிறதும் மாறி மாறி வருது அக்காவுக்கு, சிரிச்சதுல மூச்சு தெறந்துருச்சு போல, காலு நல்லா விழுது. நான் பேச்ச நிறுத்துனேன். உடனே அக்கா காலும் தொய்யுது. திரும்பவும், சீனியம்மா, கதிரு எம்புட்டு, பாபினு எங்க, லீவு கேட்டா வாய்கிழியக் கேக்குறல்லன்னு மேஸ்திரிய விட்டேன். கடகடன்னு வாறாக. விட்டா அக்கா நின்னுரும், பேசுனா நான் நின்னுருவேன். இது என்னடா கணக்கு. விலாவுல ஊக்கு ரெண்டாச்சு. இது கடைசி, இதோட நிறுத்திருவோம், ஒரே ஒரு வார்த்த, அந்த முக்கு வரைக்கும், அந்த வேப்பமரம் வரைக்கும். சந்தப்பேட்டைக்குள்ள நுழையும்போது அக்கா எம்பக்கத்துல வந்துட்டாக. என்னடா மேஸ்திரி, மெஷினு நின்னுபோச்சான்னு என்னைய மாதிரியே கேக்குறாக. என்னைய மாதிரி. நான் எல்லாரையும் செஞ்சுருக்கேன், என்னைய இதுவர யாரும் செஞ்சதில்ல. நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் மூக்குல பேசுறேன் போல. பதிலு சொல்ல வாயத் தெறக்குறேன், காத்து மட்டும் வருது. போங்கக்கான்னு கையக் காட்டுறேன். அவுக போறாக. கேன்வாஸ் ஷூ டப்பு டப்புன்னு, மில்லுச் சட்ட முதுகுல உப்பளம் மாதிரி வெள்ளையாப் பூத்துப் போயி, போறாக. போயிக்கிட்டே இருக்காக.

பொட்டலு தெரியுது. தோரணம் கட்டுன வாசல் தெரியுது. மேடையில சிவப்புத் துணி போட்ட மேச தெரியுது. மேல ஒரு மினுக்கு, வெயிலு பட்டுக் கண்ணுல குத்துது, அது செம்புதான், வேற ஒண்ணும் இல்ல, ஒத்த மினுக்குத்தான் இருக்கு, மத்ததெல்லாம் போயிருச்சு, எஞ்செம்பு ஒத்தையில நிக்குது. வாறேன் இரு. காலு இருக்கு. இன்னும் காலு இருக்கு. இப்ப ஒரு ஓட்டம், பஸ்ஸு மேட்டுல ஏறுறப்ப டிரைவரு மிதிப்பாருல அந்த மாதிரி ஒரு மிதி. அக்கா வாசலுக்குள்ள நுழைஞ்சுட்டாக, கூட்டம் ஓங்குது, தவசி மைக்குல சீனியம்மாஆஆன்னு இழுக்குறான். அவன் இழுத்து முடிக்கல. கேட்டுருச்சு. ஹூம். கெழவன் எந்திரிக்கிறான். இல்ல, என் மூச்சுத்தான், என் மூச்சு இல்ல, நான் மூச்சே விடல இப்ப. ஊஊன்னு அடியில இருந்து கெளம்பி, கண்மாயத் தாண்டி, என் தலைக்கு மேல ஏறி நிக்குது சங்கு. தோரணத்துல தொங்குற மாவெலய எண்ணுற தூரத்துல நிக்குறேன். நிக்கல, ஓடுறேன். சங்கு ஊதிருச்சுன்னு காலுக்கு இன்னும் யாரும் சொல்லல போல. நல்லா ஊதுது. நான் செய்யுறத விடக் கொஞ்சம் கனமா இருக்கு, நான் கடைசியில இறக்குறப்ப அவசரப்படுறேன், அது நிதானமா இறக்குது, வீட்டுக்குப் போயி சரி பண்ணணும். உள்ள வந்துட்டேன். சனம் சிரிக்குது. டேப்புக்கு மோரு, டேப்புக்கு மோருங்குது. ஏத்துக்கிறேன். வருசா வருசம் நான் கரைச்ச மோருதான.

மைக்குல தவசி கேக்குறான், கடைசிச் செம்ப எடுத்தா இதுல ஏற்கனவே ஒரு பேரு வெட்டிருக்கு, மலைக்கொழுந்து, மலைக்கொழுந்து என்பவர் யாரா இருந்தாலும் மேடைக்கு வரவும். ஸ்பீக்கருல வருது. பொட்டல்ல முட்டி ரெண்டுலயும் கைய ஊண்டிக் குனிஞ்சு நிக்குற எனக்கு மேல, மரத்துல, செவத்துல எல்லாம் முட்டி வருது எம்பேரு. ஒரு பய திரும்பல. யாருடா அது, வெளியூரு ஆளாங்குறான் எனக்குப் பக்கத்துல நிக்குறவன். சிக்கந்தர் பாய்தான் எந்திரிச்சு வந்து, யோவ், அது நம்ம டேப்பு மாப்ளய்யான்னாரு. அப்பறம் சிரிப்பு. நானும் சேந்து சிரிச்சேன், சிரிக்காம என்ன செய்ய, ஓடி முடிக்காமப் பேரு வெட்டுனவன் ஊருலயே நான் ஒருத்தன்தான. மேடைக்குப் போனேன். சீனியம்மாக்கா அங்க நிக்குறாக, சங்குக்கு முந்தி வந்த கடைசி ஆளு அவுகதான், அவுகளுக்குக் குடுக்க இருக்குறது இந்த ஒத்தச் செம்புதான். தவசி மைக்கப் பொத்திக்கிட்டு, அண்ணே, உங்க பேருதான் இருக்கே, நீங்களே எடுத்துக்கங்க, அக்காவுக்கு நாளைக்கு வேற வாங்கிருவோம், யாரு கேக்கப் போறாங்குறான். யாரும் கேக்கமாட்டான். செம்பு என் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. ழு அழகா விழுந்துருக்கு. தெனமும் விடியக்காலம் குனிஞ்சு மொண்டா உள்ள இருந்து என்ன பேசும். மாமனாரு குரலு வராது. எங்குரலு வருமா. சங்குதான் வரும். மொதல்ல ஹூம், அப்பறம் ஊ. இல்ல தவசி, அக்காதான் முந்துனது, அக்காட்டக் குடுன்னேன். சொன்ன பெறகுதான் சொன்னது தெரிஞ்சது. இந்த வாயி இருக்கே. அக்கா செம்ப வாங்கித் திருப்பிப் பாத்துட்டு, பாய், இத அழிக்க முடியாதான்னாக. தேய்ச்சாப் பாலிசு போயிரும்மா, நடுமண்டை வழுக்க மாதிரி தெரியும், வேணும்னாக் கீழ உங்க பேரச் சேத்து வெட்டுறேன்னாரு பாய். அய்யய்யோ, மேல ஒரு ஆம்பள பேரு கீழ எம்பேரா, எங்க வீட்டுக்காரரு பரோட்டாக் கல்லோட வந்துருவாருன்னாக அக்கா. பாயே சிரிச்சுட்டாரு. அப்பறம் அக்கா முந்தானையால மூஞ்சியத் தொடச்சுட்டு, மில்லுல சாயங்காலம் எழுத்துச் சொல்லிக் குடுத்தாகல்ல, அதுல கத்துக்கிட்ட மாதிரி, வெரல வச்சு ஒவ்வொண்ணாக் கூட்டுனாக. ம. லை. க். கொ. ழு. ழு-கிட்ட வெரலு நின்னு ஒரு சுத்துச் சுத்துச்சு. ந்து. மலைக்கொழுந்து. ஏண்டா, இம்புட்டு லெச்சணமான பேர வச்சுக்கிட்டா டேப்புன்னு திரியுற. இருக்கட்டும் பாய், எதையும் அழிக்க வேணாம், வெட்டவும் வேணாம். சீர்ப் பாத்திரத்துல குடுத்தவன் பேருதான இருக்கும். கூடப்பொறந்தவன் சீருன்னு சொல்லிக்கிறேன். எனக்கு யாரு இருக்கா சீரு செய்யன்னாக அக்கா.

சண்முகக்கனி கூட்டத்துக்குப் பின்னாடி கொய்யா மரத்து நெழல்ல நிக்குறா. கையில மாமனாரு செம்பு, தண்ணி கொண்டாந்துருக்கா. நான் வந்த வரத்தப் பாத்துச் செம்ப நீட்டுனா. அண்ணாந்து ஊத்துறேன். இன்னைக்கு மனுசன் ஒண்ணும் பேசல, நெளிச்சுராதீங்கன்னு கூடச் சொல்லல. வெ. சோலையப்பன். குடுத்தவரு பேரு. இத்தன வருசமா இது இவரு செம்பு, இவரு செம்புன்னு குடிச்சுக்கிட்டு இருந்துருக்கேன். பரோட்டாக் கடைக்காரரு வீட்டுல இன்னைக்கு ராத்திரி அவரு தண்ணி தவிச்சுத் தூக்கத்துல எந்திரிச்சு, மலைக்கொழுந்து எங்கடி வச்சன்னு இருட்டுல தடவப் போறாரு. அந்தக் குரல நான் இன்னும் கேட்டதில்ல, கேக்கணும். அடுத்த வருசம் சங்குக்கு முந்தி வந்துருவேன், இது ஒண்ணும் பெரிய வித்த இல்ல, தீப்பெட்டி ஆபீஸுல மட்டும் காதுல பஞ்ச வச்சுக்கணும். பாலத்துலயா. பாலத்தப் பத்தி அப்பப் பாப்போம். வாய மூடிக்கிட்டுத்தான ஓடுனீகங்குறா சண்முகக்கனி. தண்ணி குடிக்கிறேன்ல, எப்படிப் பதிலு சொல்ல. பொட்டலு காலியாகுது, தவசி மைக்கச் சுருட்டுறான், வாசப்பக்கம் யாரோ மலைக்கொழுந்து, ஏ மலைக்கொழுந்துன்னு ஒருத்தனக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காக. பாவம், எவனோ காதுல வாங்காமப் போறான். நான் செம்பக் கவுத்து மிச்சத் தண்ணிய மூஞ்சியில விட்டுக்கிட்டேன். சண்முகக்கனி என் முழங்கையில ஒரு இடி இடிச்சா. ஏங்க, அந்தா சீனியம்மாக்கா, உங்களத்தான் கூப்பிடுறாக.